இரசாயன வகுப்பில் மாணவன் கற்பது யாது?

இரசாயனவியல் கடினமான பாடம் என்பது நம் மாணவரிடையே வழிவழியாக வழங்கிவரும் ஒரு கூற்று. மூத்தோர் சொல்ல இளையோர் கேட்டு, சோதித்துப் பாராமலே அதனை ஏற்றுக்கொள்வர். அக்கடினம் எதன்கண் உளது என்று வினவின், சமன்பாடுகள் மிகப் பல என்பர் சிலர். மனனஞ் செய்து முடியாது என்பர் சிலர். கணக்கு வராது என்பர் வேறு சிலர். இவ்விடைகள் பொய்யல்ல. ஆயினும் இவை நோயின் குறிகளேயன்றி நோயல்ல என்பது என் கருத்து. இரசாயன வகுப்பில் மாணவன் உண்மையிற் கற்பது யாது, கற்றுவிட்டதாக எண்ணிக் கல்லாது விடுவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனும் கலைப்பட்டதாரியுமாகிய ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குச் சமாதானம் கூறல் வேண்டும். உயர்தர வகுப்பில் யான் இரசாயனவியலை ஒரு பாடமாகக் கற்றவன். பின்னரே வெளிவாரி மாணவனாகக் கலைப்பட்டம் பெற்றேன். அண்மையிற் பதினோராந் தரத்து மாணவர்க்கு ‘இரசாயன வகுப்பில் யான் கற்றது’ என்னும் தலைப்பிற் கட்டுரையொன்று எழுதப் பணித்தேன். உயர்தர வகுப்பு மாணவர் சிலரையும் அவ்வாறே எழுதித் தருமாறு வேண்டினேன். மொழிப்பிழை திருத்துதற்காகக் கையிலெடுத்த தாள்கள் என்னை வேறொரு திசையில் ஈர்த்துச் சென்றன. பெரும்பாலானோர் நிறங்களைப் பற்றி எழுதியிருந்தனர்: செப்புச் சல்பேற்றின் நீலம், பரமங்கனேற்றின் ஊதா, மகனீசிய நாடா எரியுங்காற் கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளொளி. அணுவையும் மூலக்கூற்றையும் தாம் கற்றவையாகக் குறிப்பிட்டவர் ஒருவரேனும் இலர். ஒரு மாணவன் மட்டும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது எல்லாம் விளங்குவதாகவும், வீட்டிற்குச் சென்று கொப்பியைத் திறந்தால் எழுத்து இருக்க விளக்கம் மறைந்துபோவதாகவும் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை மலிந்த அத்தாளுக்கே யான் அதிக புள்ளி இட்டேன்.

எழுத்து இருக்க விளக்கம் மறைவது எங்ஙனம்? இதனை ஓர் எளிய உதாரணத்தால் நோக்குவோம். கொதிக்கும் நீரில் எழுங் குமிழிகளுள் இருப்பது யாது? நியூசீலந்தில் ஒஸ்போண், கொஸ்குரோவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வினாவைச் சிறுவர் முதலாக மேல்வகுப்பு மாணவர் ஈறாகப் பலரிடம் கேட்டு, அவர் கூறிய விடைகளை 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெப்பம் என்றார் சிலர். வளி என்றார் சிலர். ஐதரசனும் ஒட்சிசனும் என்றார் வேறு சிலர். நீராவி என்னும் சரியான விடை எல்லார்க்கும் எட்டவில்லை. விரும்புவோர் இவ்வினாவைத் தம் வீட்டு அடுக்களையிலே தம் பிள்ளைகளிடங் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றுள் ஐதரசனும் ஒட்சிசனும் என்னும் விடையே நம் சிந்தனைக்குரியது. விஞ்ஞானம் கல்லாத சிறுவன் அவ்விடையைக் கூறான். அவனுக்கு அப்பெயர்களே தெரியா. கற்றவனே அப்பிழையைச் செய்ய வல்லன். அவன் வகுப்பில் நீரின் மின்பகுப்பைக் கண்டிருக்கிறான். இரு மின்வாய்களிலும் குமிழிகள் எழுந்தன. அவை ஐதரசனும் ஒட்சிசனும் என்று ஆசிரியர் கூறினார். நீரின் குறியீட்டை எழுதும்போதும் ‘எச்’ என்னும் எழுத்தையும் அதன் காலடியிற் சிறிய 2ஐயும் அருகே ‘ஓ’ என்னும் எழுத்தையும் வைக்கின்றான். ஆகவே, நீர் குமிழியிடுமிடமெல்லாம் அவ்வெழுத்துக்கள் பிரிந்து மேலெழுகின்றன என்று முடிவு செய்துவிடுகின்றான். அவன் முடிவு தவறெனினும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அவனுக்கு எவருஞ் சொல்லாது விட்டது கொதித்தலுக்கும் பகுத்தலுக்கும் உள்ள வேறுபாடு. 18 கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோயூல் சத்தி போதும். அதே நீரை ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பகுக்க ஏறத்தாழ 286 கிலோயூல் வேண்டும். முன்னதில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றனவேயன்றித் தாம் உடைவதில்லை. பின்னதிலோ மூலக்கூறே உடைகின்றது. விறகடுப்பின் சூடு விலக்குதற்குப் போதுமானது. உடைத்தற்கு அது போதாது. அன்றேல், தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் நம் அடுக்களையில் வெடிக்குங் கலவையொன்று நிரம்பியிருக்கும்!

நம் அளவை நூலார் அறிவு பிறக்கும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். கண்ணாற் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். அறிந்தோர் கூறக் கொள்வது உரை. இரசாயன வகுப்பில் இம்மூன்றும் ஒரே பாடவேளையில் ஒன்றன்மேலொன்றாக வந்து விழுகின்றன. சோதனைக் குழாயில் நிகழ்வது காட்சி. அக்காட்சிக்குக் காரணமாய்க் கண்ணுக்குப் புலனாகாத துணிக்கைகளிடை நிகழ்வது கருதலால் அறியப்படுவது. கரும்பலகையில் எழுதப்படுங் குறியீடும் சமன்பாடும் உரையின்பாற்பட்டவை. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அலெக்ஸ் ஜோன்ஸ்ரன் என்னும் இரசாயன ஆசிரியர் 1982ஆம் ஆண்டளவில் எடுத்துரைத்து, 1991இல் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டிய கொள்கை ஏறத்தாழ இதுவே. கண்ணாற் காணும் நிலை, துணிக்கை நிலை, குறியீட்டு நிலை என்பன அம்முக்கோணத்தின் மூன்று முனைகள். அனுபவம் வாய்ந்த ஆசிரியர் ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்கு நினைத்தபோது தாவுவர்; தாவுவதைத் தாமே உணரார். புதிதாய்க் கற்பவனோ மூன்றையும் ஒருங்கே மனத்திற் கொள்ள இயலாது திணறுவன். அளவை நூலாரின் பாகுபாடும் ஜோன்ஸ்ரனின் முக்கோணமும் முற்றும் ஒன்றென யான் கூற வரவில்லை. ஆயினும் நம் மாணவனது இடர்ப்பாட்டைத் தமிழிற் சொல்ல முற்படுவோர்க்கு இம்மூன்று சொற்களும் நன்கு உதவும். அவன் காட்சியைக் கண்டு மகிழ்கின்றான், உரையைப் பாடமாக்குகின்றான், இடையிலுள்ள கருதல் அவனுக்கு வாய்ப்பதில்லை.

எரிதலைப் பற்றிய பாடத்தில் இது தெளிவாகும். விறகு எரிந்தாற் சாம்பல் சிறிதே எஞ்சுகின்றது. மெழுகுவர்த்தி எரிந்தால் ஒன்றுமே எஞ்சுவதில்லை. எனவே எரிதலாவது பொருள் அழிதல் என்று மாணவன் கருதுகின்றான். 18ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் பலரும் இதற்கு அணித்தான ஒரு கொள்கையை உடையராயிருந்தனர். எரியும் பொருளினின்றும் புளோஜிஸ்தன் என்னும் ஒன்று வெளியேறுகின்றது என்பது அவர் துணிபு. ஒட்சிசனை 1774இல் தம் கையாலேயே பிரித்தெடுத்த பிறீஸ்லி, 1804இல் இறக்குமளவும் அக்கொள்கையைக் கைவிட்டாரல்லர். பிரான்சிய நாட்டு இலவோசியே தராசைத் துணைக்கொண்டார். மூடிய பாத்திரத்தில் உலோகத்தைச் சூடாக்கினால் மொத்த நிறை மாறுவதில்லை. பாத்திரத்தைத் திறந்ததும் வளி உட்புகுகின்றது. உலோகம் பெற்ற நிறை வளி இழந்த நிறையே. இரும்பு நாரை எரித்து நிறுத்துப் பார்க்கும் மாணவன் இதனையே காண்பான்: எரிந்தபின் அது பாரங் கூடியிருக்கும். அந்நிறுவை மாணவன் கையால் நிகழல் வேண்டும். ஆசிரியர் நிறுத்து எண்ணைச் சொல்ல மாணவன் எழுதிக்கொள்வானாயின், அது மீண்டும் உரையேயாகும்.

1990ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் மின்சாரமின்றிக் கழிந்த யாழ்ப்பாணத்திற் கற்றவர்க்கு எரிதலைப் பற்றிய ஒரு சாதனம் மேசைமேலேயே இருந்தது. மண்ணெண்ணெய் அரிதாயும் விலையேறியதாயும் இருந்த அக்காலத்தில், ஜாம் போத்தலினுள்ளே பஞ்சிட்டு, அதிற் சிறிது எண்ணெயூற்றி, மெல்லிய திரியொன்றை எரித்துப் படித்தோம். போத்தலின் சுவர் காற்றை மறைக்கச் சுடர் அசையாது நின்றது. திரி மெலிந்ததாதலின் எண்ணெய் குறைவாகவே செலவாயிற்று. விடிந்தபின் பஞ்சு உலர்ந்து கிடக்கும். எண்ணெய் எங்கே போயிற்று என்று எவருங் கேட்டதில்லை; அது தீர்ந்தது, அவ்வளவே. உண்மையில் 100 கிராம் மண்ணெண்ணெய் முற்றாக எரியுமாயின் 300 கிராமுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டும் 130 கிராமுக்கு மேற்பட்ட நீரும் உண்டாகும். மேலதிக நிறை முழுவதும் வளியிலிருந்து பெற்ற ஒட்சிசனுடையது. அதாவது, விளக்கருகே அமர்ந்து படித்த மாணவனைச் சூழ, செலவான எண்ணெயிலும் நிறைகூடிய நீராவி அவ்விரவு முழுதும் எழுந்துகொண்டிருந்தது! குளிர்ந்த தட்டொன்றைச் சுடரின்மேற் சற்று உயரே பிடித்தால் அது பனித்துக் காணப்படும். மைக்கல் பரடே இலண்டன் இறோயல் நிறுவகத்தில் இளைஞர்க்காக நிகழ்த்திய மெழுகுவர்த்தி பற்றிய விரிவுரைகள், 1861இல் நூலாக வெளிவந்தவை, ஒரு சுடரிலிருந்தே இரசாயனவியலின் பெரும்பகுதியை விரித்துக் காட்டுகின்றன. ஆய்வுகூடத்தில் யாதுமில்லை என்று அக்காலத்தில் நாம் வருந்தினோம். வருத்தத்துக்குக் காரணமுமிருந்தது. எனினும் அவ்விளக்கைக் குறித்து ஒரு பாடம் நடந்திருக்கலாம்.

இனி, உயர்தர வகுப்பு மாணவர் தம் தாள்களில் மிகுதியும் குறிப்பிட்ட நியமிப்பைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பேன். அளவியிற் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலை நிரப்பி, கூம்புக் குடுவையில் 25 கன சென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக்கமிலத்தைக் குழாயியாலிட்டு, பினோத்தலீன் காட்டியில் இரண்டொரு துளி சேர்த்து, அளவியின் வாயைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுதல் செய்முறை. காரம் விழுமிடத்தில் இளஞ்சிவப்புத் தோன்றும். குடுவையைச் சுழற்ற மறையும். நெடுநேரம் ஒன்றும் நிகழாதது போலத் தோன்றிப் பின்னர் ஒரே துளியிற் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகும். அத்துளியைப் பற்றி எழுதாத மாணவர் இலர். சிலர் அதனை மாயவித்தை என்றே எழுதியிருந்தனர்.

மாயவித்தை அன்று, ஆனால் வியப்புக்குரியதே. இரு கரைசல்களின் செறிவும் ஒரு லீற்றரில் 0.1 மூல் எனக் கொள்வோம். தொடக்கத்திற் குடுவையின் பீஎச் பெறுமானம் 1. காரம் 24 கன சென்ரிமீற்றர் சென்றபின்னும் அது 2.7 அளவிலேயே நிற்கும். முடிவுக்கு ஒரு துளி குறைய, அஃதாவது 0.05 கன சென்ரிமீற்றர் குறைய, அது 4. ஒரு துளி மிகுந்தால் 10. இருபத்துநான்கு கன சென்ரிமீற்றர் செய்யாததை இரு துளிகள் செய்துவிடுகின்றன. காரணம் பீஎச் அளவுத்திட்டத்தின் அமைப்பிலே உளது. அதில் ஓர் அலகு ஏறுதல் ஐதரசன் அயன்களின் செறிவு பத்திலொன்றாகக் குறைதலைக் குறிக்கும். நூறு தேங்காயிற் தொண்ணூறு போனாற்றான் பத்திலொரு பங்கு மிஞ்சும்; பத்திருக்கும்போது ஒன்பதே போதும். அமிலம் அநேகமாக முடிந்த நிலையில், எஞ்சியதை அடியோடு மாற்ற ஒரு துளி போதுமாகின்றது. அவ்வொரு துளியிலும் ஏறத்தாழ 3 × 10¹⁸ ஐதரொட்சைட்டு அயன்கள் உள்ளன. இவற்றை எவருங் கண்டதில்லை. நிறமாற்றமென்னுங் காட்சியிலிருந்து கருதியே அறிகின்றோம்.

மாணவன் கருதினானா, உரையை மட்டுங் கொண்டானா என்பதை அறிய ஓர் எளிய வினா உண்டு. அளவியை எதனாற் கழுவ வேண்டும்? குடுவையை எதனாற் கழுவ வேண்டும்? அளவியைக் காய்ச்சிவடித்த நீராற் கழுவியபின் அதில் நிரப்பப்படுங் கரைசலாலும் கழுவுதல் வேண்டும். குடுவையைக் காய்ச்சிவடித்த நீரால் மட்டுமே கழுவுதல் வேண்டும். மனனஞ் செய்தவன் இவற்றைப் பரீட்சை மண்டபத்தில் மாற்றி எழுதிவிடுவான். விளங்கியவனுக்கு இதில் மனனஞ் செய்ய ஒன்றுமில்லை. அளவியில் நீர் ஒட்டியிருந்தாற் கரைசலின் செறிவு குறைந்து அளவீடு பிழைக்கும். குடுவையில் எவ்வளவு நீர் இருப்பினும் குழாயி கொணர்ந்திட்ட அமிலத்தின் மூல் அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அமிலத்தாற் குடுவையைக் கழுவினாலோ அளவறியாத அமிலம் சிறிது அதிற் தங்கிவிடும். செறிவு வேறு, அளவு வேறு என்னுங் கருத்து மனத்திற் பதிந்தவனே இதனைத் தயக்கமின்றிச் சொல்வான். இன்னொன்று: நியமிப்பு முடிந்த குடுவையை மேசைமேல் விட்டுவைத்தாற் சிறிது நேரத்தில் நிறம் மங்கும். தான் பிழை செய்துவிட்டதாக மாணவன் அஞ்சி மேலும் ஒரு துளி விடுவான். வளியிலுள்ள காபனீரொட்சைட்டுக் கரைந்து காரத்தை நடுநிலையாக்குவதே அம்மங்கலுக்குக் காரணம். இது குறிப்பேடுகளில் அருகியே காணப்படும். குடுவையைத் தானே சுழற்றிய மாணவன் மட்டுமே இதனைக் கண்டு கேட்பான். பரிசோதனையைத் தொடாமலே அதற்குரிய விடையை எழுதப் பழகிய மாணவர் இன்று பலர். தனியார் கல்வி நிலையத்தின் நெருக்கமான வாங்கில் அமர்ந்து அவர் பெறுங் குறிப்புக்கள் பெரும்பாலும் பிழையற்றவை. அவற்றைக் குறைகூற யான் துணியேன். ஆனாற் குறிப்பில் நிறம் மங்குவதில்லை.

கணக்கைச் சரியாகச் செய்தல் விளங்கியமைக்குச் சான்றாகுமோ? நறென்பேண், பிக்கறிங் என்னும் இருவர் 1987இல் அமெரிக்க மாணவரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. வாயு விதிகளைக் கொண்டு கணக்குகளைச் சரியாகச் செய்த மாணவரிற் பலர், அதே வாயுவின் துணிக்கைகளைப் புள்ளிகளாகக் காட்டிய படங்களுட் சரியானதைத் தெரிதற்குத் தடுமாறினர். உருக்குக் கலத்திலுள்ள ஐதரசனைக் குளிரச் செய்தாற் புள்ளிகள் எவ்வாறு பரந்திருக்கும் என்பது வினா. அவை கலத்தின் அடியிற் சென்று படியும் என்றார் சிலர். ஒருபுறம் ஒதுங்கும் என்றார் சிலர். ஐதரசன் அவ்வளவு குளிரில் வாயுவாகவே இருக்குமாதலின் புள்ளிகள் முன்போற் கலமெங்கும் பரந்திருக்கும் என்பதே விடை. கணக்கு உரையோடு நின்றுவிட்டது, கருதல் தொடங்கவேயில்லை.

உரையைக் குறித்துத் தமிழாசிரியனாகிய யான் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டு மாணவன் கேட்குங் கலைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். தனிப்பொருள் மூலகம். அணுக்கள் கூடியது மூலக்கூறு. அமிலத்துக்கு மாறானது மூலம். பொருளின் அளவு மூல். செறிவு கூறுங்கால் மூலர்த்திறன். ஒரே பாடவேளையில் இவ்வைந்தும் வருவதுண்டு. மூலம் என்பது அவனுக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரத்தின் பெயர், ஒரு நோயின் பெயரும் ஆம். இவற்றுள் மூலகம், மூலக்கூறு, மூலம் என்பன வேர் என்னும் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்தவை. மூல் என்பதோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மானியர் மூலக்கூற்றைக் குறிக்குந் தம் சொல்லைச் சுருக்கி ஆக்கிக்கொண்டது. ஒலியொப்புமை தற்செயலானது. தமிழ்நாட்டு நூல்களில் இவை தனிமம், மூலக்கூறு, காரம், மோல் என வேறுபட்டு ஒலித்தலின் அங்குள்ள மாணவர்க்கு இம்மயக்கம் குறைவு. ஆனாற் காரம் என்றவுடன் மிளகாயை நினைக்கும் இடர் அவர்க்கு உண்டு. நாம் அதனை உறைப்பு என்போமாதலின் அவ்விடர் நமக்கில்லை! 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகள் செய்த பணி பெரிது. அவையின்றித் தமிழில் விஞ்ஞானம் கற்பித்தல் இயன்றிராது. சொல்லை மாற்றுக என்று யான் கேட்கவில்லை. மூல் என்னும் சொல்லை முதன்முறை கரும்பலகையில் எழுதும் நாளில் ஐந்தையும் அருகருகே எழுதி, உறவுள்ளவை இவை, உறவில்லாதது இது என ஐந்து நிமிடம் விளக்குதல் போதும்.

தாழ்த்தல் என்னும் சொல்லும் இத்தகையது. இலத்திரனைப் பெறுதல் தாழ்த்தல் என்று மாணவன் எழுதுகின்றான். பெறுவது எவ்வாறு தாழ்வாகும் என்று அவன் கேட்பதில்லை, கேட்டால் நன்று. ஐரோப்பியர் வழங்கிய மூலச்சொல்லின் இலத்தீன் வேர் மீளக் கொணர்தல் என்னும் பொருளது. தாதுவை மீண்டும் உலோகமாக்குதலை அச்சொல்லாற் குறித்தனர். தாதிலிருந்து ஒட்சிசன் நீங்க நிறை குறைந்தமையின் அது குறைத்தல் எனவும் கொள்ளப்பட்டது. இலத்திரன் என்பதொன்று உண்டென்பதே பிற்காலத்தில் அறியப்பட்டது. பழைய பெயர் புதிய பொருளுக்கு நின்றுவிட்டது. ஒட்சிசன் என்னும் பெயருங் கூட ஒரு பிழையின் நினைவுச்சின்னமே. அமிலத்தைப் பிறப்பிப்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இலவோசியே அப்பெயரை அமைத்தார். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்பது அவர் எண்ணம். நம் மாணவன் நியமிப்பில் நாடோறும் எடுக்கும் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பது 1810ஆம் ஆண்டளவில் டேவியின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. பெயர் மாறவில்லை. இவற்றைக் கேட்ட மாணவன் உரையை ஐயுறக் கற்றுக்கொள்வான் என்று அஞ்சுவாருமுளர், யான் அஞ்சவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இவ்விடர் புதிதன்று. அமெரிக்க மிசன் வைத்தியராக 1847இல் இங்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழ் மூலம் மேனாட்டு வைத்தியங் கற்பித்த சாமுவேல் கிறீன், மாணவர்க்காக ஆக்குவித்த நூல்களுள் ஒன்று 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’. பெயரை நோக்குக: ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து நம்மவர் நாவுக்கு இசைவித்துள்ளார். அச்சொல் நிலைக்கவில்லை. மூப்பை நீக்கும் மருந்தைக் குறித்த இரசாயனம் என்னும் பழஞ்சொல்லே இங்கு வென்றது. தமிழ்நாட்டில் வேதித்தல் என்னும் இரசவாதச் சொல்லடியாக வேதியியல் வென்றது. எனினும் இந்நூலின் பெயரை நம் மாணவரிற் பலர் கேள்வியுற்றதில்லை என்பது வருந்தத்தக்கது.

அதே 1875ஆம் ஆண்டிற் பிரான்சில் ஒரு மூலகம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கதையை வகுப்பிற் கூறும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. உயர்தர வகுப்பின் இரசாயன ஆசிரியர் வராத ஒரு பாடவேளையில் என்னை அங்கு அனுப்பினர். சுவரில் ஆவர்த்தன அட்டவணை தொங்கியது: 118 மூலகங்கள், வெற்றிடம் ஒன்றேனும் இல்லை. அது வானிலிருந்து இறங்கிவந்தது போல மாணவர் அதன்கீழ் அமர்ந்திருந்தனர். 1869இல் மெண்டலீவ் அதனை வகுத்தபோது அவர் சென் பீற்றேஸ்பேக்கில் தம் மாணவர்க்காக ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும், அவர் அட்டவணையில் வெற்றிடங்கள் இருந்தன என்பதையும் கூறினேன். பின்னர் அலுமினியத்துக்குக் கீழுள்ள கலியத்தைத் தாளொன்றால் மறைத்துவிட்டு, அயலிலுள்ள நான்கின் அடர்த்திகளைக் கரும்பலகையில் எழுதினேன்: மேலே அலுமினியம் 2.70, கீழே இந்தியம் 7.31, இடத்தே நாகம் 7.14, வலத்தே ஜேர்மானியம் 5.32. மறைந்திருப்பதன் அடர்த்தி யாது என்று கேட்டேன். ஜேர்மானியமும் அன்று கண்டறியப்படாததே. மெண்டலீவுக்கு அவ்வுதவியும் இருக்கவில்லை.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. சூத்திரம் எது என்று ஒருவன் கேட்டான். சூத்திரம் இல்லை என்றேன். பின் வாங்குக்கு வாங்கு வாதம் எழுந்தது. சிலர் மேலும் கீழும் உள்ளவற்றை மட்டுங் கொண்டு 5 என்றனர். சிலர் நான்கையுங் கூட்டி நான்காற் பிரித்து 5.6 என்றனர். பக்கத்திலுள்ளதைச் சேர்ப்பது ஏன் என்று ஒருவரையொருவர் வினவினர். அதன்பின் கதையைச் சொன்னேன். மெண்டலீவ் முன்கூட்டிக் கூறியது ஏறத்தாழ 5.9. கலியத்தைக் கண்டுபிடித்த லெக்கொக் து புவாபோதிரான் முதலில் அளந்து பெற்றது 4.7. பொருளைக் கண்ணாலுங் காணாத மெண்டலீவ், அதனைக் கையில் வைத்திருந்தவரை நோக்கி, உமது அளவு பிழை, பொருளைத் தூய்மை செய்து மீண்டும் அளந்து பாரும் என்ற கருத்துப்பட எழுதினார். அவ்வாறே செய்யப்பட்டது. விடை 5.9.

மணியடித்தது. 5.6 என்றவர்கள் தமக்கே வெற்றி என்றனர். 5 என்ற கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “முதல் அளந்த 4.7க்கு எங்கட விடைதானே சேர் கிட்ட?” என்றான். அதற்கு மற்றவர்கள் விடை கூறத் தொடங்கியபோது அடுத்த பாட ஆசிரியர் வாயிலில் வந்து நின்றார்.